768 வரியில என்னத்தப் படிக்க?

லேப்டாப் வாங்கப் போறவங்க என்கிட்ட கேக்குற கேள்வி மூணே மூணுதான். ராம் எத்தனை ஜி.பி.? ஹார்ட் டிஸ்க் எவ்வளவு? பை ஃப்ரீயா? ஸ்க்ரீன் ரெசல்யூஷன் என்னன்னு சாத்தூர்லயிருந்து ஒருத்தர்கூட இதுவரை கேட்டதில்லை. நாள் பூரா உத்துப் பாக்கப் போறது ராமையா, ஸ்க்ரீனையா?

கடையில கேட்டா "எச்.டி. சார்"ம்பாங்க. எனக்குக் கோபமே இந்த வார்த்தை மேலதான். லேப்டாப்பில் எச்.டி.ன்னா 1366×768, மொத்தம் பத்தரை லட்சம் புள்ளி. ஃபுல் எச்.டி.ன்னா 1920×1080, இருபது லட்சத்துக்கும் மேல. பேருல ஒரு 'ஃபுல்'தான் வித்தியாசம், புள்ளியில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

இதுல பெரிய கூத்து, நாம பின்னாடி போனதுதான். 2000-களின் நடுவில் 14.1 அங்குல திங்க்பேட்டில் 1400×1050 கிடைச்சது. அப்புறம் 1280×800 வந்தது. டிவி மாதிரி 16:9 ஸ்க்ரீன் மலிவானதும் 1366×768. உயரத்தை மட்டும் பாருங்க: 1050, 800, 768. சினிமா பாக்க அகலம் போதும், படிக்கிறவனுக்கு உயரமில்ல வேணும்? விண்டோஸ் 10-ல டாஸ்க்பாருக்கு 40 போச்சு, ப்ரௌசரோட மண்டைக்கு ஒரு நூறு போச்சு. மிச்சம் அறுநூத்திச் சொச்சம். பதிவு படிக்க விரல் தேயத் தேய ஸ்க்ரோல் பண்ண வேண்டியதுதான்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்திலும் பெரும்பாலும் இதே 14 அங்குலம், 1366×768தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், அன்னிக்குச் சந்தையே அப்படித்தான். எத்தனையோ வீட்ல முதல் கம்ப்யூட்டர் அது. ஆனா 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லட்னு அறிவிச்சப்பவும், நம்மாளுங்க பேச்சு "எத்தனை ஜி.பி."யைத் தாண்டலையே!

தமிழ்ல படிக்கிறவனுக்கு அடி இன்னும் பலமா விழும். 'கி'க்கும் 'கீ'க்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. 'க'வுக்கும் 'க்'குக்கும் ஒரே ஒரு புள்ளி. 'ணை', 'ஞூ' எல்லாம் சுழிக்குள்ள சுழி. 14 அங்குல எச்.டி.யில் அங்குலத்துக்கு 112 புள்ளி, ஃபுல் எச்.டி.யில் 157. பேனா நிப்பு செஞ்சே பேர் வாங்கின ஊருக்கு இதை விளக்கணுமா? மொத்த நிப்பை வச்சு பொடி எழுத்து எழுதினா சுழியெல்லாம் மைக்குட்டையாத்தான் நிக்கும்.

"ஃபுல் எச்.டி.ல எழுத்து எறும்பு மாதிரி இருக்கே"ம்பீங்க. அதுக்காகத்தான் பலபேர் செட்டிங்ஸ்ல போய் ரெசல்யூஷனையே குறைச்சு வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம்! பழைய டப்பா மானிட்டருக்கு அது சரி. எல்.சி.டி.யில் புள்ளிகள் பதிச்சது பதிச்சதுதான். குறைச்சா எழுத்து மங்கும். குறைக்க வேண்டியது ரெசல்யூஷனை இல்ல, கூட்ட வேண்டியது ஸ்கேலிங்கை. 125% வச்சா 1536×864 அளவுக்கு இடம் இருக்கும். 150% வச்சா 1280×720 இடம்தான், எச்.டி.யை விடவும் கம்மி. ஆனா எழுத்து அச்சடிச்ச மாதிரி நிக்கும். இடம் வேணுமா, பெரிய எழுத்து வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணலாம். 768-ல அந்தச் சாய்ஸே கிடையாது.

"பேட்டரி சீக்கிரம் தீரும், விலை கூடும்"னு அடுத்த வாதம். கொஞ்சம் கூடும்தான், யார் இல்லேன்னா? ஆனா பல மாடல்ல ராமை அப்புறமாக்கூட ஏத்திக்கலாம். ஸ்க்ரீனை யாரு மாத்துறா? வாங்கின அன்னிக்கு வந்ததுதான் கடைசி வரைக்கும்.

அதனால கடைக்குப் போனா நாலாவதா ஒரு கேள்வி கேளுங்க: உயரம் எத்தனை? 1080 இல்லைன்னா எந்திரிச்சு வாங்க. 16:10-ல 1200 கிடைச்சா இன்னும் விசேஷம். கடைக்காரர் போட்டுக் காட்டுற மலை, அருவி, கிளிப் படத்தையெல்லாம் நம்பாதீங்க. ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, புள்ளி புள்ளியாத் தெரியுதான்னு பாருங்க. பைக்கு அப்புறம் பேரம் பேசிக்கலாம்.