முழங்காலுக்குக் காது உண்டா?

"வாத்தியாரே, நீங்களுமா?"

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு திருமண விருந்து. என் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துத் தரையில் வைத்ததும், எங்கள் இன்னிசைக் குழுவில் அண்மையில் சேர்ந்த இளைய கித்தார் கலைஞர் இவ்வாறு கேட்டார். குரலில் பாதி வருத்தம், பாதி ஏளனம். இருபது ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த வால்வு ஆம்பை விற்றுவிட்டேன் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். "வால்வு இல்லாத கித்தார் உப்பில்லாப் பண்டம் சார்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார். மேடையில் மறுமொழி சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். மின்கித்தார் தானாக உரக்க ஒலிக்காது. அதன் மெல்லிய மின்னலையைப் பெருக்கித் தன் ஸ்பீக்கர் வழியே ஒலிக்கச் செய்யும் பெட்டியே ஆம்ப். பழைய வானொலிகளில் இருந்தவை போன்ற கண்ணாடிக் குழல்களால் இயங்குவது வால்வு ஆம்ப். அந்த ஆம்பின் ஓசையைக் கணிப்பு முறையில் உருவாக்கி, ஒரே கம்பி வழியாக மண்டபத்தின் மிக்சருக்கு நேராக அனுப்பும் கருவி டிஜிட்டல் மாடலர். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' வெளிவந்தபோது நானும் எள்ளி நகையாடியவன்தான். அவரைக்காய் வடிவில் சிவப்பாக ஒரு பெட்டி. ஓசை, ஈக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்தாற்போல் இருந்தது. ஆனால் 2011இல் கெம்பரும் 2015இல் ஹீலிக்ஸும் வந்த பிறகு அந்த நகைப்பு எனக்குச் செல்லவில்லை.

வால்வு அன்பர்களின் பெருமைக்குரிய ஃபெண்டர் ட்வின் ரிவெர்பை எடுத்துக்கொள்வோம். 1963 முதல் வருவது. 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், ஏறத்தாழ 29 கிலோ. மின்தூக்கி இல்லாத மண்டபத்தின் இரண்டாம் மாடிக்கு அதைத் தூக்கிச் சென்றவனுக்கே அதன் அருமை தெரியும். 2019இல் அதே ஃபெண்டர், அதே முகத்தோடு, உள்ளே ஒரு வால்வும் இல்லாத டிஜிட்டல் ட்வினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 15 கிலோ அளவுதான். பெற்ற தாயே ஒப்புக்கொண்ட பிள்ளையைப் பங்காளிகள் ஏன் வாசலில் நிறுத்துகின்றனர்?

இவ்வளவு பெரிய ஆம்ப் எதற்காகப் பிறந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1965 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பாடினர். கித்தார்களுக்கு 100 வாட் வோக்ஸ் ஆம்புகள்; குரலுக்கோ விளையாட்டரங்கின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள். பாடியவர்களுக்குத் தங்கள் குரலைக் காட்ட மானிட்டர்கூட இல்லை. அக்காலத்தில் கித்தார் ஒலியைக் கூட்டத்தின் கடைக்கோடிவரை ஆம்பே தள்ள வேண்டியிருந்தது. ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் கேட்டதற்கிணங்க ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப் செய்ததும் அக்காலத்தில்தான்.

இன்று நம் மண்டபங்களில் நடப்பதென்ன? ஆம்பின் முன் ஒலிவாங்கி வைத்து, அதனை மிக்சருக்கு அனுப்பி, மண்டபத்தின் ஸ்பீக்கர் வழியாகத்தான் ஒலிக்கச் செய்கிறோம். விருந்தினர் கேட்பது வால்வு ஆம்பை அன்று. ஒலிவாங்கியும் மிக்சரும் தாண்டி வந்த ஒரு நகலை. மாடலரும் அந்த நகலைத்தான் தருகிறது. மேலும், நம் குழுக்கள் இரவுதோறும் வாசிக்கும் 'இளைய நிலா' (1982) பாடலின் அந்தப் புகழ்பெற்ற கித்தார், மரக்கித்தார் ஆயிற்றே! அதற்கும் வால்வுக்கும் என்ன உறவு?

"டிஜிட்டலில் ஒலி தாமதமாக வருகிறது" என்பர் சிலர். நல்ல மாடலர்களில் அத்தாமதம் பொதுவாக ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ அவ்வளவு நேரமாகும். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் அதைக் காட்டிலும் மும்மடங்கு தாமதத்தை நாள்தோறும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். விரல் தொட்டதும் வால்வு தரும் அந்த நெகிழ்ச்சி வேறு என்றால், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் தனியே அமர்ந்து வாசிக்க இன்றும் எனக்கு வால்வுதான் பிடிக்கும்.

ஆனால் என் உண்மையான சினம் வேறு. 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான ஓசை நேர்க்கோட்டில் பாயும் இயல்புடையது. நம் கலைஞர் ஆம்பைத் தரையில் வைக்கிறார். அது அவருடைய முழங்காலின் பின்புறத்தை நோக்கி முழங்குகிறது. முழங்காலுக்குக் காது உண்டா? "எனக்குக் கேட்கவில்லை" என்று ஒலியைக் கூட்டுகிறார். முன்வரிசை மேசையில் அமர்ந்த பாட்டி காதைப் பொத்துகிறார். பாடகிக்குத் தம் குரல் கேட்கவில்லை, கத்துகிறார். டிரம்ஸ் கலைஞர் சும்மா இருப்பாரா? ஒலியமைப்பாளர் குரலை உயர்த்த, ஒலிவாங்கி கீச்சிடுகிறது. பளிங்குத் தரை, தகரக் கூரை, வெறும் சுவர்: எல்லாம் சேர்ந்து அந்த ஓசையைத் திருப்பித் திருப்பி எறிகின்றன.

இதில் முதலில் பலியாவது தமிழ். ஆசிரியனாகச் சொல்கிறேன். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலிமையோடு நிற்பவை. மெய்யொலிகளை இனங்காட்டும் நுட்பம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மெலிந்து கிடக்கிறது. ஓசையைச் சிதைத்து முழங்கும் கித்தார் வந்து அமர்வதும் அவ்விடத்தில்தான். உயிர் தப்பிவிடுகிறது, மெய் போய்விடுகிறது. கண்ணதாசன் எழுதினாலென்ன, வைரமுத்து எழுதினாலென்ன, பத்தாவது மேசைக்குச் சென்று சேர்வது "ஆ, ஓ, ஏ" மட்டுமே.

மாடலர்காரர்களும் மார்தட்ட வேண்டா. படுக்கையறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மெல்லிய ஒலியில் ஓசை அமைத்துக்கொண்டு வருகிறீர்கள். ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காதுக்கு அடியோசையும் உச்ச ஓசையும் குறைவாகவே எட்டும். பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதனை வெளியிட்டனர். அக்குறையை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றி வைக்கிறீர்கள். அதுவே மண்டபத்தில் உரக்க ஒலிக்கும்போது அடி முழங்கி, உச்சி குத்துகிறது. பிறகு, "ஒலியமைப்பாளர் கெடுத்துவிட்டார்" என்று பழி. நிகழ்ச்சிக்கு முன் அரை மணி நேரம் வந்து ஒலியைச் சரிபார்த்தீர்களா? முந்நூறு ஆம்புகளின் சாயல் பெட்டிக்குள் இருக்கிறது; பாடகி பாடும்போது ஒலியைக் குறைக்கும் பெருந்தன்மை அதனுள் வராது.

நான் ஏன் மாறினேன்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில், பின்வரிசைச் சிறுமி ஒருத்தி வாய்விட்டு வாசித்தாள். அவள் சொன்னது 'பழமா', 'பலமா' என எனக்குத் தெரியவில்லை. திருத்துவதற்காக அருகே சென்று மீண்டும் வாசிக்கச் சொன்னேன். சரியாகவே வாசித்தாள். பிழை அவள் நாவில் இல்லை. செவிச் சோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரிந்தது. இரைச்சலால் கெட்ட காதுகளில் வழக்கமாகக் காணப்படுவது என்றனர். இடக்காதில் ஆழம் அதிகம். அப்பக்கம்தான் டிரம்ஸின் சிம்பல். வலப்பக்கம் என் அருமை ஆம்ப். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் கூறும் கணக்குப்படி, நாளொன்றுக்கு 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடமே. நாமோ சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம். மேலே சொன்ன டவுன்செண்டும் தம் காது கெட்டதைப் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். அவர் பழித்தது ஒலிப்பதிவுக் கூடத்தின் ஹெட்போன்களை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காதுக்குள் மானிட்டர் செருகியவர்கள் அதனைக் கவனிக்க.

பெட்டியால் மேடையில் டிரம்ஸின் ஓசை குறைந்துவிடவில்லை. எனினும் என் பக்கத்து ஓசையேனும் இப்போது ஒலியமைப்பாளர் கையில் இருக்கிறது. குறைக்கச் சொன்னால் குறைகிறது.

அடுத்த நிகழ்ச்சி பந்திங்கில். தம்பி, உங்கள் வால்வு ஆம்பை விற்கச் சொல்ல மாட்டேன். அதை ஒரு நாற்காலியின்மேல் ஏற்றி, உங்கள் முகத்தை நோக்கிச் சாய்த்து வைப்போம். எவ்வளவு ஒலி போதும் என்று உங்கள் காதே சொல்லட்டும். நாற்காலியை நானே கொண்டு வருகிறேன்.