போனைப் பிடுங்கினா போதுமா? கிறிஸ்தவப் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் வேற!

இரவு குடும்ப ஜெபம் முடிகிறது. 'ஆமென்' சொன்ன அடுத்த நொடி பத்தாம் வகுப்பு மகளின் கை போனைத் தேடுகிறது. உடனே அப்பாவிடமிருந்து இரண்டாவது பிரசங்கம்: "எந்நேரமும் இன்ஸ்டா! அதுல இருக்கிறதெல்லாம் பாவம்." நாகர்கோவில், பாளையங்கோட்டை, தூத்துக்குடி வீடுகளில் பலருக்கும் பழகிய காட்சிதான்.

ஆனா அதே போன்லதான் சபை வாலிபர் கூட்டத்தோட வாட்ஸ்அப் குரூப்பும், பாடகர் குழு பயிற்சி ஆடியோவும் இருக்கு. போனே வேண்டாம் என்பது நடக்காத காரியம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பார்க்க வேண்டியது சாட் அல்ல, கணக்கில் கொடுத்திருக்கும் பிறந்த வருடம். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான 'டீன் அக்கவுன்ட்' வசதியை இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குள் இருப்பவர்கள் இதைத் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும்.

வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். இன்ஸ்டாவில் சேர குறைந்தபட்ச வயது 13. பதினொரு வயதில் பொய் வருடம் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்தது யார்? சில வீடுகளில் அம்மா, அப்பாவேதான்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நட்பாகப் பேசிப் போட்டோ வாங்கும் ஒருவன், "சொன்னதைச் செய்யலைன்னா உங்க சர்ச் குரூப்புக்கே அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பாவம் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை வீட்டில் வாயைத் திறக்குமா? மிரட்டுபவன் நம்பியிருப்பதே அந்த மௌனத்தைத்தான்.

எபேசியர் 6-ம் அதிகாரத்தின் முதல் வசனம், பிள்ளைகள் கீழ்ப்படியணும் என்பது, எல்லா வீட்டிலும் மனப்பாடம். பிள்ளைகளைக் கோபமூட்டாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் 4-ம் வசனத்தை ஏனோ யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. கெட்டகுமாரன் கதையிலும் மகன் மன்னிப்பு கேட்கும் முன்பே அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டோம்" என்ற வாக்கு பிரச்னை வரும் முன்பே பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது. பதறிப்போய் சாட்டை அழிக்கவும் கூடாது, அதுதான் ஆதாரம். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். பணம் போயிருந்தால் 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டுமே போகும்.

இன்னொன்று, நம்ம ஊர் சபைகளுக்கே உரியது: ஜெபக்குறிப்பு. "என் மகளுக்கு இன்ஸ்டாவில் ஒரு பிரச்னை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று அம்மா நல்ல மனதோடு குரூப்பில் போட்ட மெசேஜ், ஞாயிறு ஆராதனைக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் எதையும் சொல்லாது. குரூப்பில் போடும் முன் ஒரு வார்த்தை அவளிடம் கேட்கலாம். வேண்டாம் என்றால், ஜெபத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.