சாமியாட்டம் வந்தவர்கள்

கோவை–பொள்ளாச்சி சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவரிடம் அந்த வீட்டார் பிறகு கைகூப்பிச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “சாமியாட்டம் வந்தீங்க”, அதாவது சாமிபோல வந்தீர்கள். கிணத்துக்கடவில் இதைக் கேட்காத காது இருக்காது. எழுத்துத் தமிழ் இதே இடத்தில் ‘ஆபத்பாந்தவன்’ என்கிறது. கூடவே ‘அநாதரட்சகன்’ என்று அடுக்கிக்கொள்கிறது. புராணக் கதைகளிலும் நாடக மேடையிலும் கடவுளை விளித்த சொல் அது. இன்று தலைவர்களின் படத்துக்குக் கீழே ஃபிளெக்ஸ் பேனரில் அச்சாகிறது.

இரண்டு சொல்லுக்கும் நடுவில் பெரிய தூரம் இருப்பதாக நினைக்கிறோம். ஆபத்பாந்தவன் உயரத்தில் இருப்பவன், கூப்பிட்டால் இறங்கி வருகிறவன். சாமியாட்டம் வந்தவரோ அடுத்த தோட்டத்துக்காரர். அல்லது தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த டெம்போ ஓட்டுநர். வண்டியை ஓரம்கட்டிய நேரத்தில் ஏலம் முடிந்துபோயிருக்கும். அவருடைய அன்றைய கூலிக்கு யாரும் பொறுப்பில்லை.

கொங்கு மண் தன்னைக் காத்தவர்களை எப்படி நினைவில் வைத்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் தோட்டத்து ஓரத்திலும் குளக்கரையிலும் கோயில் வெளியிலும் புலிகுத்திக் கற்களைப் பார்க்கலாம். பின்னங்காலில் எழும்பிப் பாயும் புலி. எதிரே பக்கக் கொண்டை போட்ட ஒரு ஆள், ஈட்டியையோ வாளையோ அதன் வயிற்றிலோ வாயிலோ பாய்ச்சிக்கொண்டு நிற்கிறான். இது மேய்ச்சல் நாடு. ஆனைமலையும் மேற்கு மலைகளும் அருகில். பட்டியில் அடைத்த மாட்டைத் தேடிப் புலி இறங்கினால் எதிர்த்து நிற்க வேண்டியவன் பட்டிக்காவலில் இருந்தவன்தான். பெரும்பாலும் அவனும் செத்துப்போனான். ஊர் அவனுக்குக் கல் நட்டது, பொங்கல் வைத்தது, பிறகு சாமி என்றது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை இதற்கு ஆறு துறைகளை வகுத்திருக்கிறது. அவ்வளவு ஒழுங்கான நன்றி அது.

கவனிக்க வேண்டியது அதன் வரிசை. இங்கே சாமி மனித உருவில் வரவில்லை. மனிதன் போய் நின்றான், நின்றதால் சாமியானான். ‘சாமியாட்டம்’ என்ற சொல்லில் இந்தப் பழைய வரிசை இன்னும் உயிரோடிருக்கிறது என்பதே எங்கள் எண்ணம். ஆபத்பாந்தவனைக் கூப்பிடுகிறவர் காத்திருக்கலாம். ‘சாமியாட்டம்’ என்று சொல்லும் ஊரில் யாராவது ஒருவர் எழுந்து போயாக வேண்டும்.

அப்படிப் போகிறவரைத் தடுத்தது நெடுங்காலம் பயம்தான். போலீஸ், கோர்ட், சாட்சி. “நமக்கெதுக்குங்க வம்பு” என்று வண்டியைக் கிளப்பியவர்களை எளிதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படி உதவுகிறவர்களுக்கான பாதுகாப்பு நெறிகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் உரிமையியல் வழக்கும் இல்லை, குற்ற வழக்கும் இல்லை. பெயரும் முகவரியும் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், வரையறுத்த உச்சவரம்பு வரை தமிழக அரசு ஏற்கிறது. உதவுகிறவருக்கு ஒன்றிய அரசு தரும் வெகுமதி 5,000 ரூபாயிலிருந்து 2025இல் 25,000 ரூபாயாக உயர்ந்தது. பணத்தைவிட, பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த மாட்டார்கள் என்ற உறுதிதான் பெரிது. இதை ஒவ்வொரு டீக்கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

சாலையைவிட எங்களை அதிகம் வருத்துவது கிணறும் தொட்டியும். “காப்பாற்றச் சென்றவரும் பலி” என்ற செய்தி ஓயாமல் வருகிறது. ஒருவர் மயங்கி விழுகிறார். அடுத்தவர் யோசிக்காமல் குதிக்கிறார். மூன்றாமவர் அவரைப் பிடிக்க இறங்குகிறார். கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும். பாழுங்கிணற்றின் அடியில் காற்றைவிடக் கனமான கரியமில வாயு நிற்கும். கிணற்றுக்குள் டீசல் என்ஜின் இறக்கி ஓட்டினாலோ வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. புலியைக் கண்ணால் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. இங்கே குதிப்பது வீரமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மேலே நின்று கயிறு விடுவதும், 101க்கு அழைத்து மூச்சுக்கருவியோடு வருகிற தீயணைப்பு வீரர்கள் வரும்வரை கூடியிருப்பவர்களை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவதும்தான் அங்கே காப்பாற்றும் வேலை.

தொட்டிக்குள் கூடவந்த தொழிலாளியைத் தூக்கப் போய் மூச்சடங்குகிறவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் அவர் பெரும்பாலும் அருந்ததியர். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. சட்டமும் தொகையும் இருந்தும் இறக்குகிறார்கள். மாட்டுப்பட்டியைக் காக்கச் செத்தவனுக்குக் கல் நட்டு ஆறு துறையில் பாடிய மரபு, தன்னோடு வேலை செய்தவனைக் காக்கச் செத்தவனுக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடித்துக்கொள்கிறது. அந்த நான்கு வரியிலும் அவர் ‘பலி’தான், ‘சாமியாட்டம்’ என்று அவரைப் பற்றி ஊர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த இதழிலிருந்து இவர்களுக்கென்று பக்கங்களை ஒதுக்குகிறோம். சாலையிலோ கிணற்றிலோ தொட்டியிலோ பிறரைத் தூக்கியவர்களைப் பற்றி, தூக்கப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி, அறிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாமென்று குடும்பத்தார் சொன்னால் பெயரில்லாமலே அச்சிடுவோம். ஆனால் யார் இறக்கிவிட்டது, என்ன கருவி கொடுத்தது, இழப்பீடு வந்ததா என்ற விவரங்களை விடாமல் எழுதுங்கள்.