ஊர்ப் பெயரும் விளம்பரப் பணமும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர் கிரிக்கெட் போட்டி 2016-இல் ஆரம்பமானபோது, அதில் இறங்கிய எட்டு அணிகளுள் ஒன்று ‘திருவள்ளூர் வீரன்ஸ்’ என்ற நாமத்தைத் தாங்கி வந்ததைக் கண்டு, சென்னைப் பட்டணத்தின் நிழலிலேயே காலமெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் நம் மாவட்டத்துக்கும் ஒரு கௌரவம் வாய்த்ததே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த அணியோ இரண்டு பருவங்கள் சேப்பாக்கத்திலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் ஆடிவிட்டு, லீக் போட்டி ஒன்றுக்காகக்கூடத் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணை மிதிக்காமலே, 2018-இல் ‘காஞ்சி வீரன்ஸ்’ ஆகிவிட்டது. அதற்கு முன் காஞ்சிப் பெயரை வைத்திருந்த அணி அதே ஆண்டில் திருச்சிக்குப் பெயர்ந்தது. 2021-இல் காஞ்சி வீரன்ஸும் மறைந்து, அந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்து அமர்ந்தது.

இந்தப் பெயர் மாற்றத்துக்காக வீரன்ஸ் அணியின் அதிபரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர் வி. பி. சந்திரசேகர். 1988-இல் இரானிக் கோப்பைப் பந்தயத்தில் ஐம்பத்தாறே பந்துகளில் சதம் அடித்து ரசிகர்களைப் பிரமிக்க வைத்தவர், இந்தியாவுக்காக ஆடியவர், பணம் படைத்ததால் விளையாட்டுக்கு வந்தவரல்லர், விளையாட்டை நேசித்ததால் பணத்தைப் பணயம் வைத்தவர். 2019 ஆகஸ்டில் அவர் காலமானபோது, கிரிக்கெட் தொழிலில் நேர்ந்த கடன் நெருக்கடியால் அவர் மனம் நொந்திருந்தார் என்று போலீசாரைச் சுட்டிப் பத்திரிகைகள் எழுதின. ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்த ஒருவரையே இவ்வளவு வருத்தக்கூடிய ஒரு வியாபாரத்தில், ஊர்ப் பெயருக்கு என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?

விளம்பரப் பணம் கண்களை எண்ணுகிறது. கால்கள் ஓடும் மைதானத்தை அது எண்ணுவதில்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று என்றால், அந்தத் தொகை கணக்கிட்டது பார்வையாளர்களையே. அப்படிக் கணக்கிட்ட பணம் ஆட்டத்தின் உள்ளேயும் கை வைக்கும் என்பதற்கு, 2009-இல் புகுத்தப்பட்டு இன்று இரண்டரை நிமிஷம் நீடிக்கும் ‘வியூக இடைவேளை’யே சாட்சி. வியூகம் வகுப்பவர்களைவிட அந்த நேரத்தில் சரக்கு விற்பவர்களே அதிகம். இந்திய அணியின் சட்டையில் இருந்த டிரீம் 11 என்ற இணைய விளையாட்டுக் கம்பெனியின் பெயரோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடைசெய்ததும் சட்டையை விட்டே போயிற்று. சில வாரங்களில் ஒரு டயர் கம்பெனி அந்த இடத்தைப் பிடித்தது.

பணமே விஷம் என்று உபதேசம் செய்வது என் நோக்கமன்று. திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கி டயர் கம்பெனியாக வளர்ந்த மற்றொரு ஸ்தாபனமான எம்.ஆர்.எஃப்., மட்டையில் தன் பெயரை ஒட்டிக் கீர்த்தி தேடிக்கொண்டது உண்மைதான். எனினும் அதே ஸ்தாபனம் 1987-இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லியை அழைத்து வேகப்பந்து வீச்சுப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவியது. ஸ்டிக்கருக்குச் செலவிட்ட பணத்தையும் பயிற்சிக்குச் செலவிட்ட பணத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் இசையேன்.

நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் முதல் பலவகைத் தொழில்கள் நடக்கின்றன. சுற்றுக் கிராமங்கள் அவற்றின் புகையையும் லாரிகளின் புழுதியையும் நாள்தோறும் அனுபவிக்கின்றன. அக்கிராமத்துப் பிள்ளைகள் கபடி ஆடவும் கைப்பந்து ஆடவும் நிரந்தர மைதானமும் இரவு விளக்கும் பயிற்சியாளரும் வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. கம்பெனிகள் தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கிராமிய விளையாட்டுப் பயிற்சியை அத்தகைய காரியங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. சரக்கை விற்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர் செலவு இந்தக் கணக்கில் சேராது என்று விதிகள் தெளிவாகச் சொல்வது எனக்கு மிகுந்த திருப்தி அளிக்கும் விஷயம்.

ஆகவே, கும்மிடிப்பூண்டித் தொழிலதிபர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த ஆண்டுக் கணக்கை எழுதும்போது, உங்கள் ஆலைச் சுவரை ஒட்டிய ஊராட்சியில் ஒரு கபடிக் களத்தையும் ஒரு பயிற்சியாளரின் சம்பளத்தையும் அதில் சேருங்கள். ஊராட்சித் தலைவர்களும் கம்பெனி வாசலில் திருவிழா நன்கொடை கேட்டு நிற்பதோடு அமையாமல், இந்தச் சட்டப் பிரிவைச் சுட்டி எழுத்து மூலமாக மனுக் கொடுக்க வேண்டும்.