புல்டோசருக்கு முன்னால் ஆய்வு: மலாக்கா தோட்ட, பட்டணத் தமிழர் கோரிக்கைச் சாசனம்

மலாக்கா மாநில அரசுக்கும், மலாக்கா வரலாற்று மாநகர் மன்றத்துக்கும், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்களுக்கும் நாங்கள் முன்வைப்பது:

நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896-இல் நம் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான் டான் சாய் யான் முயற்சியில் உருவானது. அதன்பின் ஆசகான், ஜாசின், மெர்லிமாவ், தெபோங் என்று தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டியவர்களும், பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டவர்களும் எங்கள் பாட்டன் பாட்டிகள். இன்று அந்த நிலங்கள் துண்டு துண்டாக வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போகின்றன. வளர்ச்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். மண்ணைப் புரட்டும் முன் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறோம், அவ்வளவே.

"தோட்டத்தில் என்ன இயற்கை, வெறும் செம்பனைதானே" என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது. தோட்டம் காடாகாது, சரி. ஆனால் எலியைப் பிடிக்கக் கூட்டுப்பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பது தோட்ட நிர்வாகங்களே. பள்ளத்துப் பாசாவில் நீர்க்கோழி முட்டையிடுகிறது. அல்லூரில் விரால் ஏறுகிறது, கரையில் உடும்பு படுத்திருக்கிறது. எறும்புத்தின்னிக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுப் பாதுகாப்பு தருகிறது. அது வசிக்கிறதா என்று யாரும் தேடாத நிலத்தில் அந்தப் பாதுகாப்புக்கு என்ன பொருள்?

சட்டத்தின் ஓட்டை எங்களுக்குத் தெரியும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 1987-ஆம் ஆண்டு ஆணை, வீடமைப்புக்கு 50 எக்டர், அதாவது 123 ஏக்கர் சொச்சம், என்று கோடு கிழித்தது. 2015-இல் புது ஆணை வந்தும், பரப்பளவைப் பார்த்து முடிவு செய்யும் முறை போகவில்லை. கோட்டுக்குக் கீழே விண்ணப்பித்தால் அந்த மதிப்பீட்டிலிருந்து தப்பிவிடலாம். ஒரே தோட்டத்தைப் பல கட்டமாகப் பிரித்து விண்ணப்பிப்பதும் அப்படித்தான். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: எத்தனை ஏக்கரானாலும், தோட்ட நிலத்தையோ ஆற்றோரத்தையோ கடலோரத்தையோ தொடும் ஒவ்வொரு திட்ட அனுமதி விண்ணப்பத்தோடும் முதற்கட்ட உயிர்ச்சூழல் ஆய்வு இணைக்கப்பட வேண்டும். கட்டம் கட்டமாக வரும் விண்ணப்பங்களை ஒரே நிலமாக வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஏ பிரிவு மேம்பாட்டாளரிடம் நிலத்தின் மேடு பள்ளம், வடிகால், நீர்நிலை, மரம் செடி கொடிகள் பற்றிய அறிக்கை கேட்கிறது. விலங்கு, பறவை என்று அது சொல்லவில்லை. ஆனால் ஊராட்சி மன்றம் வேறு விவரங்களும் கேட்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது. கேளுங்கள்.

ஆய்வென்றால் ஒரு மத்தியானம் வந்து படம் எடுத்துப் போவதல்ல. பாடாங் கெமுந்திங், பெங்காலான் பாலாக் கரையில் அழுங்காமை பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை முட்டையிட வருகிறது. ஜனவரியில் போய்ப் பார்த்துவிட்டு "ஆமை இல்லை" என்று எழுதினால் அதில் பொய்யில்லை, உண்மையும் இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை, வறட்சியில் ஒருமுறை, இரவிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். செய்பவருக்கான கூலியை மேம்பாட்டாளர் மன்றத்திடம் கட்டட்டும். ஆளை மன்றம் நியமிக்கட்டும். காசு கொடுப்பவரே ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்தால் அறிக்கை எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் உண்டா என்பதை அனுமதிக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு அரசுச் சுற்றறிக்கை வகுத்தது. வௌவால் தங்கும் கூரையைக் கூட ஆய்வில்லாமல் அங்கே பிரிக்க முடியாது. நம் 1976 சட்டம் அவர்கள் சட்டத்தைத் தழுவியதுதான். இந்தப் பாடத்தை மட்டும் ஏன் விட்டோம்?

அடுத்தது, எங்களுக்கு மிக முக்கியமானது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில், பக்கத்து நில உரிமையாளருக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் 21 நாளில் ஆட்சேபிக்கலாம். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர், அவருக்குக் கடிதம் வராது. ஓடை எந்த மாதம் வற்றும், வெள்ளம் எந்த வரிசை வீட்டுக்குள் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பட்டா இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் பகுதியிலும், குடியிருப்போர் அனைவருக்கும் தமிழிலும் மலாயிலும் அறிவிப்பு தரவேண்டும். ஆய்வாளர் அவர்களைச் சந்தித்துக் கேட்டதை அறிக்கையில் எழுத வேண்டும். முனியாண்டி கோயில் அரசமரமும் இடுகாடும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.

கேட்காமல் செய்ததன் விலையை மலாக்கா கண்டிருக்கிறது. 2014-இல் தொடங்கிய மலாக்கா கேட்வே கடல் நிரப்புத் திட்டத்தை 2020 நவம்பரில் மாநில அரசே ரத்து செய்தது. கூனி இறால் குறைந்துவிட்டதென்ற போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களின் புகார் ரத்தாகவில்லை. 1991-இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததும் மறக்கக் கூடியதல்ல. ஆகவே அணைகளுக்கு நீர் தரும் சிற்றோடைகளை மூடும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி கூடாது.

அறிக்கைகள் யாவும் மன்ற அலுவலகத்தில் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

கையெழுத்திடும் தோட்டத்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயரோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தோட்டத்து ஓடை, கிணறு, பெரிய மரம், கண்ட விலங்கு, கண்ட மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அவற்றை இச்சாசனத்தோடு சேர்த்தே மன்றங்களிடம் ஒப்படைப்போம்.