குண்டர் சட்டம் ரவுடிகளுக்கு மட்டும்தானா?

பட்டப்பகலில் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போதும். மறுநாள் தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே குரல்தான் கேட்கும்: “தூக்கி குண்டாஸ்ல போடுங்க சார்.” மனித உரிமை என்று யாராவது வாய் திறந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “அந்தச் சட்டம் ரவுடிகளுக்குத்தானே, ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன பயம்?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தையும் அது நடந்துவந்த விதத்தையும் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை.

யாருக்கான சட்டம் என்பதில் தொடங்கலாம். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த 14ஆம் எண் சட்டம் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் நடத்துபவர், குடிசைப்பகுதி நிலத்தைப் பறிப்பவர் ஆகியோரைக் குறிவைத்தது. பிறகு வனக் குற்றவாளி சேர்ந்தார், மணல் கடத்துபவர் சேர்ந்தார், திருட்டு விசிடி விற்றவரும் அதே வரிசையில் வந்து நின்றார். 2014இல் பாலியல் குற்றவாளியும் சைபர் குற்றவாளியும் வந்தார்கள். முதல் குற்றத்துக்கே சிறைவைக்க வழிசெய்யும் திருத்தமும் அந்த ஆண்டில்தான் வந்தது. பட்டியல் நீண்டிருக்கிறதே தவிர ஒருபோதும் சுருங்கவில்லை.

பட்டியலுக்குள் நிற்கவே வாய்ப்பில்லாதவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள். 2017 மே மாதம், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்றதற்காக மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி கைதாகி, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சேலத்தில் ஒரு மாணவிக்கும் அதுவே நேர்ந்தது. அவர் செய்தது, காவிரிப் படுகைப் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தது. இரண்டு உத்தரவுகளையும் அந்தச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இது அ.தி.மு.க. ஆட்சிக் கதை என்று தி.மு.க.வினர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது இதே சட்டம் பாய்ந்தபோது ஆட்சியில் இருந்தது அவர்கள்தான். நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் சென்னை மத்திய சிறைக்குப் போய் அடிபட்டவர்களின் கட்சி அது.

“குற்றம் செய்தவனைத்தானே பிடிக்கிறார்கள்?” என்பது அடுத்த வாதம். குற்றம் செய்தாரா இல்லையா என்ற கேள்வியே இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை. இனிமேல் செய்யக்கூடும் என்று மாநகரக் காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ மனநிறைவு அடைந்தால் போதும், உத்தரவு போடலாம். காரணத்தை 5 நாளுக்குள் கைதிக்குச் சொல்ல வேண்டும், அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் ஓராண்டு வரை உள்ளே வைத்திருக்கலாம். கைதானவரை 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும் கடமையும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் தடுப்புக் காவலுக்குப் பொருந்தா. இதை அரசியல் சாசனத்தின் 22ஆவது கூறே சொல்கிறது. அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடும் அதே அத்தியாயத்தில்!

இந்தக் காவலை ஆராய அறிவுரைக் கழகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மூன்று வாரத்தில் கோப்பு அதனிடம் போக வேண்டும், ஏழு வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவர் அங்கே தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். வழக்கறிஞரோடு வர அவருக்கு உரிமை இல்லை. சட்டமே படிக்காத ஒருவர், கட்டுக்கட்டான ஆவணங்களை வைத்துக்கொண்டு!

உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்பது இன்னும் பலமான பதில். உண்மையில் ஆட்கொணர்வு மனுக்கள் பலரை மீட்டிருக்கின்றன. ஆனால் எப்போது? ஓராண்டுக் காவலில் பல மாதங்கள் கழிந்த பிறகு. சங்கர் மீதான உத்தரவு ஆகஸ்டில் ரத்தானது. சில நாட்களிலேயே புதிய உத்தரவு வந்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், செப்டம்பரில் அரசே திரும்பப் பெற்றது. போன மாதங்களுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இதில் மக்கள் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. பல உத்தரவுகள் விழுவது, கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதமானது போன்ற காரணங்களால். அப்படி வெளியே வருபவர் அப்பாவியாகவும் இருக்கலாம், நிஜமான கூலிப்படைக்காரராகவும் இருக்கலாம். அவர் யார் என்பதை யாருமே விசாரித்திருக்க மாட்டார்கள். ரவுடியைப் பிடிக்கும் சட்டம் என்ற பெருமையும் இங்கே ஆட்டம் காண்கிறது.

“வழக்கு நடக்கட்டும் என்று விட்டால், ஜாமீனில் வந்து சாட்சியை மிரட்டுவானே?” இதை எளிதில் தள்ள முடியாது. பயந்த சாட்சிகளும் பிறழ்ந்த சாட்சிகளும் இங்கே நிஜம். ஆனால் மிரட்டுபவரின் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். நன்னடத்தைப் பிணை வாங்கலாம். 60, 90 நாள் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் தானாகக் கிடைக்கும் ஜாமீனுக்கே வழியில்லை. இவை எல்லாவற்றுக்கும் புலனாய்வு வேலை தேவை. குண்டாஸுக்கு, “ஜாமீனில் வெளிவர வாய்ப்புள்ளது” என்ற வாசகம் போதும். காலாவதி மருந்துகளுக்குப் புதிய லேபிள் ஒட்டி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது தமிழக அரசு இந்தச் சட்டத்தைப் போட்டபோது, 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிந்த இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது. 1965இலேயே லோகியா வழக்கில் நீதிபதி இதாயதுல்லா, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் பொது ஒழுங்குப் பிரச்சினை ஆகிவிடாது என்று வட்டத்துக்குள் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. ஆணையர் அலுவலக அச்சுப் படிவம்தான் அவற்றைப் படிப்பதில்லை.

சரி, சட்டத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, முதல் வேலையை நாடாளுமன்றமே முடித்துவைத்திருக்கிறது என்பதுதான் பதில். மிசாவின் சூடு ஆறாத 1978இல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 44ஆவது திருத்தம், அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் திருத்தத்தின் 3ஆவது பிரிவு மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஒன்றிய அரசு நாள் குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். அதற்குப் பிறகு டெல்லியில் ஜனதா, காங்கிரஸ், பா.ஜ.க. என எல்லாரும் ஆண்டுவிட்டார்கள். அவர்களோடு கூட்டணி ஆட்சிகளில் இரு திராவிடக் கட்சிகளும் பங்கேற்றுவிட்டன.