மாத்திரையோடு ஒரு மென்சொல்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

காய்ச்சல் கண்டவரைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை. கால் ஒடிந்தவரைக் கண்டு யாரும் கதவடைப்பதில்லை. மனம் நோயுற்றவரைக் கண்டால் மட்டும் நாம் ஒதுங்கி நிற்கிறோம். சிறுவர் கேலி பேசுகின்றனர். பெரியவர்களோ, ‘அந்த வீட்டில் பெண் எடுக்காதே’ என்கின்றனர். உடலுக்கு நோய் வருவது போலவே மனத்துக்கும் நோய் வரும். அறிவியல் பாடம் படிக்கும் நாமே இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினால் வேறு யார்தான் ஒப்புக்கொள்வார்?

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாக அது கண்டது. அவர்களுள், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலே இருந்தனர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓடித் தப்ப முடியாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். மருந்து இருந்தும் சங்கிலியை நாடிய நம் சமுதாயத்துக்கு அது ஓர் எச்சரிக்கை அன்றோ?

மருந்து உண்டு. ஆனால் அது நோயாளியின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

நம் தியாகதுருகத்துக்குச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மக்கள் நாள்தோறும் வருகின்றனர். மனநல மருத்துவரைக் காண வேண்டுமானால் கள்ளக்குறிச்சிக்கோ, சேலத்துக்கோ பேருந்து ஏற வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து வருவோருக்கு ஒரு நாள் கூலியே போய்விடும். ஆகவே மருத்துவரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோதான். மருந்துக் கடையோ பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே முன்பதிவு வேண்டாம். ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். இரவிலும் விளக்கு எரிகிறது. நோயாளியும் அவர் வீட்டாரும் அடிக்கடி காணும் முகம் மருத்துவர் முகமன்று. மருந்து எடுத்துக் கொடுப்பவர் முகமே. ஆகையால் மருந்துக் கடைகளிலும் அரசு மருத்துவமனை மருந்து வழங்குமிடங்களிலும் பணிபுரிவோருக்கு மனநோயாளரிடம் நடந்துகொள்ளும் முறையில் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்களுக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மகனுக்காக ஒரு தாய் மருந்துச் சீட்டை நீட்டினார். கடையில் நின்றவர் அதைப் படித்துவிட்டு, “இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே! யாருக்கும்மா?” என்று உரக்கக் கேட்டார். அருகில் நின்ற நால்வர் திரும்பிப் பார்த்தனர். அந்தத் தாய் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டார். அந்த மாதம் மருந்து இல்லை. அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கியது. கடையில் நின்றவர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவே!

அப்படியானால் எதைச் சொல்லித் தர வேண்டும்?

முதலாவது, குரலைத் தாழ்த்திப் பேசுதல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் நிலை பிறர் அறியாமல் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்கியுள்ளது. அந்த உரிமை மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடலாகாது.

இரண்டாவது, மருந்தின் இயல்பை எடுத்துரைத்தல். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. மனச்சோர்வுக்கான மாத்திரைகளுக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. அவை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல், வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். பலன் பிந்தி வர, தொல்லை முந்தி வருவதால் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகின்றனர். “கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுங்கள், பலன் மெல்லத்தான் தெரியும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்” என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

மூன்றாவது, சேரக்கூடாதவற்றை அறிதல். மனஎழுச்சி நோய்க்கு லித்தியம் என்னும் மருந்து தரப்படுகிறது. அது இரத்தத்தில் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த அளவை உயர்த்தக் கூடியவை. வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தாலும் அவ்வாறே. நம் பகுதியில் கரும்பு வெட்டிவிட்டு வரும் ஒருவர், “உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்பது அன்றாடக் காட்சி. “வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்ற ஒரு கேள்வி அவர் உயிரைக் காக்கலாம்.

நான்காவது, வராதவரைக் கவனித்தல். மாதந்தோறும் வந்தவர் இம்மாதம் வரவில்லையே என்று முதலில் அறியக்கூடியவர் மருந்து கொடுப்பவரே. அடுத்த முறை வரும்போது கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்கலாம். பணமில்லை என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் என வழி காட்டலாம். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவருக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் விரட்டி அனுப்புவது வேறு, தூக்கம் ஏன் வரவில்லை என்று பரிவோடு கேட்டு மருத்துவரிடம் அனுப்புவது வேறு.

ஐந்தாவது, துயரச் சொல்லைச் செவிமடுத்தல். ‘இனி எதற்கு இந்த உயிர்’ என்று ஒருவர் சொன்னால் அதை வேடிக்கையாக எண்ணலாகாது. அவ்வெண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது. மாறாக, மனப்பாரம் குறையும். அவரைத் தனியே விடாமல் வீட்டாரை அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எல்லா மருந்துக் கடைகளிலும் எழுதி வைக்க வேண்டும்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்சனர் என்ற செவிலியரும், அவர் கணவர் ஆன்டனி ஜார்ம் என்ற பேராசிரியரும் ‘மனநல முதலுதவி’ப் பயிற்சியைத் தொடங்கினர். பின்னர் சிட்னி பல்கலைக்கழகத்தில் மருந்தாளுநர் படிப்பு மாணவர்களும் அதைக் கற்றனர். நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதிலேயே மருத்துவரோடு திரை வழியே பேசும் அறையும் மருந்தகமும் இருந்தன. உள்ளூர் மக்களையே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தினர். ஆதலால் பரிவு என்பது பட்டம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று, கற்றுக்கொள்ளக் கூடியதே.

‘கடைக்காரரே வைத்தியராகிவிட்டால் என்ன செய்வது?’ என்பது நியாயமான அச்சம். அரைகுறைப் பயிற்சி ஆபத்துத்தான். ஆகவே, நோயின் பெயர் சூட்டுவதும் மருந்தை மாற்றுவதும் தம் வேலையன்று என்பதே பயிற்சியின் முதற்பாடமாக இருக்க வேண்டும். ‘கடையில் கூட்டம், நேரம் இல்லை’ என்பது இன்னொரு மறுப்பு. உரக்கச் சொல்வதற்கும் மெதுவாகச் சொல்வதற்கும் ஒரே நேரந்தானே ஆகிறது? மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே கூறுகின்றன.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அக்கல்லூரி மனநல மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் கூடி, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாகாதா? சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கும் உதவியாளரையும் மறவாமல் அழைக்க வேண்டும். ஏனெனில் பல வேளைகளில் நம் முன் நிற்பவர் அவரே.

அன்புத் தோழியரே, நமக்கும் ஒரு பங்குண்டு. ‘லூசு’, ‘மென்டல்’ என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்லும் சொற்களை இன்றே விட்டுவிடுவோம். நம்மிடையே வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அச்சொல்லைக் கேட்டு வாய்மூடி இருப்பவள் யாரென்று நமக்குத் தெரியாது. பெற்றோரே, மனநோய்க்கு மருந்து வாங்குவது சர்க்கரை நோய்க்கு வாங்குவது போன்றதே. வெட்கப்பட அதில் ஏதுமில்லை. மருந்து கொடுக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் கையிலுள்ள மாத்திரை பாதி மருந்து. உங்கள் வாயிலுள்ள மென்சொல் மீதி மருந்து. இரண்டையும் சேர்த்தே தாருங்கள்!